மானுக்கு ஏற்ற தோட்டா: நாங்கள் தாமதமாகக் கற்ற பாடம்



அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில் அடுத்தடுத்த தெருக்களில் வசிக்கும் இரு குடும்பத்தார் நாங்கள். ஒரு குடும்பம் காயல்பட்டினத்தைச் சேர்ந்தது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவது. மற்றது திண்டுக்கல் பக்கத்து ராவுத்தர் குடும்பம். ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றுவது. ஒரு வீட்டில் தந்தையை வாப்பா என்று அழைப்பார்கள். மறு வீட்டில் அத்தா என்பார்கள். பெருநாள் சமையலிலும் பிள்ளை வளர்ப்பிலும் இரு வீடும் பல்லாண்டுகளாக ஒன்றாகவே இருந்து வருகின்றன. இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது இவ்விரு வீட்டாரையும்தான். இதில் சொல்லப்போகும் பிழையில் இரு வீட்டுக்கும் பங்குண்டு. ஆகவே துப்பாக்கியைப் பிடித்த கை எவருடையது என்று பிரித்துச் சொல்லவில்லை.

தாயகத்திலிருந்து வாசிப்போர்க்கு முதலில் ஒரு சொல். இந்தியாவில் மான் வேட்டை சட்டப்படி குற்றம். நாங்கள் எழுதுவது, அரசே உரிமம் வழங்கி, காலமும் எண்ணிக்கையும் வரையறுத்து அனுமதிக்கும் ஓர் ஊரைப் பற்றியது. எங்களுக்கு அறிமுகமான வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடுகிறார். வெண்வால் மான்கள் இரவோடிரவாக அவருடைய வயலில் இறங்கிவிடும். மாநிலத்தின் இத்தென்பகுதியில் மான்களை அடித்துண்ணும் ஓநாய்கள் இல்லை. எனவே ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 30 வரை நடைபெறும் துப்பாக்கி வேட்டையே மான்களின் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் முக்கிய வழி. "என் நிலத்தில் வந்து வேட்டையாடுங்கள், இறைச்சியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் அழைத்தார்.

உண்ணும் நோக்கமின்றி, விளையாட்டுக்காக ஓர் உயிரைக் கொல்வதை மார்க்கம் வெறுக்கிறது என்பதை அறிவோம். எங்கள் நிய்யத் இறைச்சிதான். 1960க்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியாக வேண்டும் என்பது மாநில விதி. அதன்படி தேர்ச்சி பெற்று, உரிமமும் வாங்கினோம்.

ரிவால்வர் ஏன்?

இப்பகுதியில் மான் வேட்டைக்குப் பெரும்பாலோர் தோளில் ஊன்றிச் சுடும் நீளத் துப்பாக்கியையே எடுத்துச் செல்வர். எங்களில் ஒருவருக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததால், அதன் உதைப்பைத் தாங்க இயலாத நிலை. மேலும் விவசாயியின் நிலம் ஒரு சதுப்பை ஒட்டிய புதர்க்காடு. அங்கே மான் கண்ணில் படுவதே இருபது, முப்பது கஜத் தொலைவில்தான். ஆகவே இரு கைகளாலும் பிடித்து, மரக்கட்டையின் மீது ஊன்றிச் சுடும் ரிவால்வரே போதும் என்று எண்ணினோம். அதற்கு அன்றைய விதி கேட்டது இரண்டே: குண்டின் விட்டம் 0.35 அங்குலத்திற்குக் குறையக்கூடாது. தோட்டாவின் உறை, கழுத்தில் ஒடுங்காமல் நேராக இருக்க வேண்டும்.

எங்களிடம் வீட்டுப் பாதுகாப்புக்கென முன்பே வாங்கிய 0.357 மேக்னம் ரிவால்வர் ஒன்று இருந்தது. அதில் 0.357 மேக்னம் தோட்டாவையும் இடலாம். அதைவிடச் சற்றே குட்டையான 0.38 ஸ்பெஷல் தோட்டாவையும் இடலாம். இரண்டின் குண்டுக்கும் விட்டம் ஒன்றே. வேறுபாடு விசையில்தான். ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ள குண்டை 0.38 ஸ்பெஷல் நொடிக்கு 800 அடி அளவில் செலுத்தும். மேக்னம் 1,200 அடிக்கு மேல் செலுத்தும். சட்டத்தின் கண்ணில் இரண்டும் சரி.

நாங்கள் செய்த கணக்கு

இங்கேதான் மார்க்கச் சட்டம் குறுக்கே வந்தது. அல்லது அதை நாங்கள் குறுக்கே கொண்டுவந்தோம். வேட்டையைப் பற்றி அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டறிந்த செய்திகள் ஹதீஸ் நூல்களில் உள்ளன. அம்பின் கூர்முனை துளைத்துக் கொன்றால் உண்ணலாம். அதன் பக்கவாட்டு அடியால் இறந்தால் அது அடிபட்டுச் செத்ததைச் சேர்ந்தது, உண்ணலாகாது என்பது அவற்றின் கருத்து. துப்பாக்கி வந்தபோது, அதன் குண்டு துளைக்கும் முனையைச் சேர்ந்ததா, அடித்து நொறுக்கும் பக்கவாட்டைச் சேர்ந்ததா என்ற கேள்வி எழுந்தது. குண்டு உடலைத் துளைப்பதால் அது அம்பின் முனையைப் போன்றதே என்பது இக்காலத்து அறிஞர் பலரின் முடிவு. அதற்குக் கூர்மையான விளிம்பு இல்லை, வேகத்தாலும் அடியாலும்தான் கொல்கிறது. எனவே உயிருடன் பிடித்து அறுத்தால் மட்டுமே ஹலால் என்பது இப்னு ஆபிதீன் (ரஹ்) போன்ற ஹனஃபீ அறிஞர்களின் முடிவு. துணைக்கண்டத்து ஹனஃபீ ஆலிம்கள் பலரும் இதையே சொல்லி வந்துள்ளனர். எங்களில் காயல் வீட்டார் முதற்கருத்தை ஏற்றவர்கள். ராவுத்தர் வீட்டார் இரண்டாவதை.

இருவரும் ஒரே சட்டியில் சாப்பிட வேண்டும் என்ற ஆசையில் ஒரு கணக்குப் போட்டோம். வலுவான தோட்டாவால் சுட்டால் நாங்கள் சென்று சேர்வதற்குள் மான் இறந்துவிடும். வலுக்குறைந்த 0.38 ஸ்பெஷலால் சுட்டால் மான் விழும், ஆனால் உயிர் இருக்கும்; உடனே ஓடிச் சென்று பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிடலாம். அறுப்புக் கத்தியை முதல்நாள் இரவே தீட்டி வைத்தோம். எவ்வளவு பேணுதலாக இருக்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதமும் இருந்தது.

அந்த மாலை

2021 நவம்பரில், சூரியன் மறையும் நேரத்தில், முப்பத்தைந்து கஜத் தொலைவில் ஒரு பெண்மான் வந்து நின்றது. பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று சொல்லிச் சுட்டோம். மான் விழவில்லை. உடல் ஒருமுறை சிலிர்த்தது, புதருக்குள் பாய்ந்தது. கத்தியை உருவிக்கொண்டு பின்னால் ஓடினோம்.

அந்த ஓட்டம் இரண்டாவது பிழை. காயம்பட்ட மான் தன்னைத் துரத்துவோர் இல்லையென்றால் சற்றுத் தொலைவில் படுத்துவிடும். அரை மணி நேரம் கழித்துத் தேடிப் போனால் படுத்த இடத்திலேயே கிடைக்கும் என்பது வேட்டைக்காரர்களின் அனுபவம். நாங்களோ உயிர் போவதற்குள் அறுக்க வேண்டுமென்று விரட்டினோம். அது எழுந்து எழுந்து ஓடியது. இலைகளின்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இரத்தத் துளிகள். பிறகு அவையும் இல்லை. இருட்டிவிட்டது. கோரை அடர்ந்த சதுப்பின் ஓரத்தில் நின்றோம். உள்ளே எங்கோ அது நடக்கும் ஓசை கேட்டது. கைவிளக்குடன் இரவு பத்து மணிவரை தேடியும் கிடைக்கவில்லை.

மறுநாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு விவசாயியையும் அழைத்துக்கொண்டு தேடினோம். ஓர் ஓடையில், முழங்காலளவுத் தண்ணீரில், தலை மூழ்கிய நிலையில் கிடந்தது. தண்ணீரில் விழுந்து கிடக்கும் வேட்டையை உண்ண வேண்டாம், அதைக் கொன்றது உன் அம்பா தண்ணீரா என்பதை நீ அறியமாட்டாய் என்னும் கருத்திலும் ஹதீஸ் உண்டு. எனவே எந்த மத்ஹபுக்கும் அது உணவாகாது. இரு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சட்டி வேண்டும் என்று புறப்பட்டவர்கள், இரு வீட்டுக்கும் ஆகாத ஒரு பிணத்தின் முன் நின்றோம்.

விதிப்படி உரிமச் சீட்டை அதன்மேல் கட்டினோம். விவசாயி அதன் மார்பைத் திறந்து காட்டினார். எங்கள் குண்டு தோள் எலும்பில் பட்டு, காளானைப் போல விரிந்து, அங்கேயே நின்றிருந்தது. ஒரு நுரையீரலின் விளிம்பைத்தான் கிழித்திருந்தது. "நீங்கள் போட்டது திருடனைத் தடுக்கச் செய்த தோட்டா" என்றார் அவர். "பட்டதும் விரிந்து, ஆளைத் தாண்டிப் போகாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே அதன் முனையில் குழி வைத்திருக்கிறார்கள். மானுக்கு வேண்டியது உள்ளே நெடுந்தூரம் போகும் குண்டு. அது ஓர் இரவு முழுவதும் செத்திருக்கிறது, பாருங்கள்."

'ஓர் இரவு முழுவதும் செத்திருக்கிறது' என்ற அச்சொல்லை நாங்கள் இன்றுவரை மறக்கவில்லை.

எங்கள் மஸ்ஜிதின் இமாமிடம் சென்று நடந்ததை ஒளிவின்றிச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள்ளுமாறும் பிராணிக்கு வேதனையைக் குறைக்குமாறும் நபியவர்கள் இட்ட கட்டளையை நினைவூட்டினார். பிறகு கேட்டார்: "கத்தியைத் தீட்டினீர்கள். ஆனால் அந்த மானின் உடலில் முதலில் இறங்கியது எது? அதைத் தீட்டினீர்களா, வேண்டுமென்றே மழுக்கினீர்களா?"

எங்களிடம் மறுமொழி இல்லை. எங்கள் உணவு ஹலாலாக வேண்டும் என்பதற்காக ஓர் உயிரை அரைகுறையாகக் கொல்லத் திட்டமிட்டிருந்தோம். அதற்குப் பேணுதல் என்று பெயரும் சூட்டியிருந்தோம்.

தோட்டாவைத் தேடிய ஆண்டு

அடுத்த ஓராண்டு நாங்கள் வேட்டைக்குப் போகவில்லை, கற்றோம். ரிவால்வர் குண்டு எப்படிக் கொல்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொண்டோம். நீளத் துப்பாக்கியின் குண்டு இதைப்போல் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்வதால், அது செல்லும் வழியைச் சுற்றியுள்ள தசையையும் சிதைக்கும். ரிவால்வர் குண்டுக்கு அந்த வேகம் இல்லை. அது துளைத்துச் சென்ற வழி மட்டுமே காயம். ஆகவே அத்துளை இரு நுரையீரல்களையும் கடந்து, மறுபக்கம் வரை செல்ல வேண்டும். அப்படிச் சென்றால் மான் சில நொடிகளில் நினைவிழக்கும். இரு பக்கமும் துளை இருந்தால் இரத்தத் தடமும் தெளிவாக இருக்கும்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தோட்டாவையும் எடைபோட்டோம்.

0.357 மேக்னம் 1935ஆம் ஆண்டு வந்தது. ஆழமாக ஊடுருவும் குண்டும் பழகிய கையும் இருந்தால், அருகிலுள்ள மானுக்கு அது போதும் என்போர் உண்டு, அது உண்மையும்கூட. ஆனால் குண்டு எலும்பில் பட்டாலோ கோணம் தவறினாலோ பிழையைப் பொறுக்கும் இடம் அதில் குறைவு. எங்களைப் போன்ற புதியவர்களுக்கு அது உகந்ததன்று.

0.45 கோல்ட் 1873ஆம் ஆண்டின் தோட்டா. ஏறத்தாழ 16 கிராம் எடையுள்ள பெரிய குண்டு, மிதமான வேகம், மென்மையான உதைப்பு. மிக அருகில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இதில் பழைய துப்பாக்கிகளுக்கான மிதமான தோட்டாவும், உறுதியான புதிய துப்பாக்கிகளுக்கு மட்டுமேயான வீரியத் தோட்டாவும் ஒரே பெயரில் கடையில் கிடைக்கின்றன. மாற்றி இட்டால் துப்பாக்கியே வெடிக்கக்கூடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தக் குழப்பம் வேண்டாம் என்று விட்டோம்.

2003இல் வந்த 0.500 மேக்னம் போன்ற பெருந்தோட்டாக்கள் கரடிக்கு ஆகும். அவற்றின் உதைப்பை எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டு சுடுபவனின் குண்டு எங்கே போகும் என்பதை அவனே அறியமாட்டான்.

எஞ்சியது 1955இல் வெளிவந்த 0.44 மேக்னம். ஏறத்தாழ 15 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 1,200 முதல் 1,300 அடி வரையிலான வேகத்தில் செலுத்துவது. அருகிலுள்ள மானின் மார்பை ஊடுருவிச் செல்ல இது தாராளம். உதைப்பு கடுமையானதுதான். ஆனால் அதற்கு ஒரு வழி இருந்தது. அதே ரிவால்வரில் 1907ஆம் ஆண்டின் பழைய 0.44 ஸ்பெஷல் தோட்டாவையும் இட்டுச் சுடலாம், அது மென்மையானது. கோடை முழுவதும் அதைக் கொண்டு கையையும் கண்ணையும் பழக்கிவிட்டு, கடைசி இரு மாதங்கள் மேக்னத்துக்கு மாறினோம். முன்பு வலுக்குறைந்த தோட்டாவை மான்மீது பயன்படுத்தினோம். இப்போது அதைக் காகிதத்தின்மீது பயன்படுத்தினோம். அதற்குரிய இடம் அதுவே.

குண்டின் வகையிலும் ஒரு தேர்வு இருந்தது. தட்டையான முனையுள்ள கடின வார்ப்பு ஈயக் குண்டு மிக ஆழமாகச் செல்லும். ஆனால் ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. குண்டின் துணுக்குகள் இறைச்சியில் தங்கிவிடும் வாய்ப்பும் உண்டு. ரிவால்வரின் வேகத்தில் அந்த வாய்ப்புக் குறைவு என்றாலும், இரு வீட்டிலும் சிறுவர்கள் இருக்கிறார்கள். எனவே உடையாமல் சீராக விரிந்து ஊடுருவும் முழுச் செப்புக் குண்டை வாங்கினோம். விலை அதிகம்தான், ஆனால் வேட்டையில் செலவாவது ஒன்றோ இரண்டோதான்.

இறுதியாகத் தொலைவு. மானின் நெஞ்சறையில் உயிர்நிலை இருக்கும் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல அகலம். அந்த அளவுள்ள காகிதத் தட்டுகள், சென்ற வலீமாவில் மிஞ்சியவை, வீட்டில் கிடந்தன. காதடைப்பான் அணிந்து, ஆறு தோட்டாக்களையும் சுட்டு, ஆறும் தட்டில் படும் தொலைவே எங்கள் எல்லை என்று விதித்துக்கொண்டோம். நாற்பது கஜத்தில் நான்கு பட்டன. முப்பது கஜத்தில் ஆறும் பட்டன. ஆகவே முப்பது கஜம். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய மான் நின்றாலும் அது எங்களுக்கு எழுதப்பட்ட ரிஸ்க் அன்று.

புறப்படும் முன் இரு வீட்டாரும் உட்கார்ந்து ஒரு முடிவும் எடுத்தோம். விரைவான மரணத்தைக் கருதியே சுடுவோம். சென்று சேரும்போது உயிர் இருந்தால் அறுப்போம். இல்லையென்றால், எந்தக் கருத்தை ஏற்றவர்களோ அவர்கள் உண்பார்கள், மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். கத்திக்காக ஒருபோதும் உயிரை மிச்சம் வைக்கமாட்டோம். அதை முதலில் சொன்னவர்கள் ராவுத்தர் வீட்டார்தான்.

2022 நவம்பர்

முதல் இரு நாட்களும் மான்கள் ஐம்பது, அறுபது கஜத்தில் கடந்து போயின. விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் காலை, இருபது கஜத்திற்குச் சற்று அப்பால் ஒரு பெண்மான் பக்கவாட்டாக நின்றது. வேட்டையில் பிஸ்மில்லாஹ் சொல்வது ஹனஃபீ மத்ஹபில் கடமை, ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத். எங்கள் நாவுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே குறிவைத்து ஒரே ஒரு முறை சுட்டோம்.

மான் முப்பது அடிகள் ஓடி, எங்கள் கண்ணெதிரிலேயே விழுந்தது. காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை, விரட்டவும் வேண்டியிருக்கவில்லை. கத்தியுடன் விரைந்து சென்றோம். கண்ணைத் தொட்டுப் பார்த்தோம், அசைவில்லை. உயிர் பிரிந்திருந்தது. குண்டு இரு நுரையீரல்களையும் துளைத்து மறுபக்கம் வெளியேறியிருந்தது.

கத்தியை உறையில் இட்டோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ராவுத்தர் வீட்டுக்காரர், "காக்கா, அல்ஹம்து லில்லாஹ் சொல்லுங்க. இது வேதனைப்படலை" என்றார்.

அன்று மாலை காயல் வீட்டில் மான்கறி வெந்தது. ராவுத்தர் வீட்டார் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சியைச் சமைத்து எடுத்து வந்தனர். ஒரே விரிப்பில் இரு சட்டிகள். அவர்களுடைய சிறு மகள், "அத்தா, நாம ஏன் அந்தக் கறியைச் சாப்பிடலை?" என்று கேட்டாள். "நாம உயிரோட பிடிச்சு அறுத்தாத்தான் சாப்பிடுவோம்மா. இந்த மான் சீக்கிரமே போயிடுச்சு" என்றார் தந்தை. "அப்ப அடுத்த தடவை மெதுவா சுடலாமே" என்றாள் குழந்தை.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஓராண்டுக்கு முன் நாங்கள் இருவரும் போட்ட கணக்கும் அதுவே. "இல்லம்மா. நம்ம சாப்பாட்டுக்காக அதை நேரம் எடுத்துச் சாக விடக்கூடாது" என்றார் அவர். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எங்களுக்கு அதை அறிந்துகொள்ள ஒரு மானின் இரவு தேவைப்பட்டது.

அன்புச் சகோதர சகோதரிகளே! துப்பாக்கி வேட்டையின் சட்டத்தில் எந்தக் கருத்தை ஏற்பது என்பதை உங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். அதை முடிவு செய்ய நாங்கள் தகுதியுடையவர்கள் அல்லர். நாங்கள் சொல்ல வருவது ஒன்றே. அரசின் விதி குண்டின் விட்டத்தைத்தான் அளந்தது, 0.38 ஸ்பெஷல் அதில் தேறியது. மார்க்கத்தின் விதியை நாங்கள் எங்கள் சட்டியின் பக்கமிருந்து மட்டும் படித்தோம். இரண்டையும் நிறைவேற்றிவிட்டதாக எண்ணிக்கொண்டே ஓர் உயிரைத் துன்புறுத்தினோம். அந்த உயிர் நம் கையில் வரும் அந்தச் சில நொடிகளில் அது நமக்கு அமானத். நாம் உண்ணப்போகிறோமா இல்லையா என்பதற்கு முன்னால் அதற்கு நம்மீது ஓர் உரிமை இருக்கிறது.

எங்கள் பிழையை அல்லாஹ் மன்னிப்பானாக. நம் கைகளில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரிடமும் இஹ்ஸானுடன் நடந்துகொள்ளும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.